வழு நாடுங் கருவிகள்: அம்சநோக்கு நிரலாக்கத்தின் வரலாறு தரும் பாடம்

வழு என்னுஞ் சொல் தமிழிலக்கணம் பயின்றோர்க்குப் புதியதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் தத்தம் நெறியிற் பிறழ்ந்து வருவதை இலக்கண நூலார் வழு என்பர். 'அவன் வந்தாள்' என்னுந் தொடரை நோக்குக. 'அவன்' என்னுஞ் சொல்லிற் குற்றம் யாதுமில்லை. 'வந்தாள்' என்னுஞ் சொல்லிலுங் குற்றம் யாதுமில்லை. இரண்டும் ஒரு தொடராய்ச் சேர்ந்தவிடத்தே பால்வழுப் பிறக்கின்றது. சொற்களைத் தனித்தனியே எடுத்து எத்துணைக் கூர்ந்து ஆராயினும் இவ்வழுவைக் காணல் இயலாது. தொடரை முழுமையாக நோக்குவார்க்கே அது புலனாகும்.

கணனித்துறையில் நிரலொன்றிலுள்ள குற்றத்தையும் வழு என்றே இன்று வழங்குகின்றோம். அவ்வழுவைத் தேடிக் களைதற்கு உதவுங் கருவி வழுநீக்கி எனப்படும். இக்கருவிகள் 1949 ஆம் ஆண்டு தொடக்கம் வளர்ந்த வகையினையும், 1997 ஆம் ஆண்டில் அறிமுகமான அம்சநோக்கு நிரலாக்கம் என்னும் நெறி அவற்றை எவ்வாறு சோதனைக்குள்ளாக்கியது என்பதையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அந்நெறியில் எழுந்த வழுக்களுட் பல 'அவன் வந்தாள்' என்பது போன்றவை. பகுதிகள் தனித்தனியே குற்றமற்றவையாய் இருக்க, அவை சேருமிடத்திலே குற்றம் பிறந்தது. அதனைக் காண்பதற்குப் பழைய கருவிகள் போதாவாயின. மனிதன் எழுதிய மூலத்துக்கும் பொறி இயற்றுஞ் செயலுக்கும் இடையேயுள்ள தொடர்பைக் காட்டவல்ல கருவி உடன்வளராவிடின், எத்துணைச் சிறந்த எழுத்துமுறையும் மக்கள் நம்பிக்கையைப் பெறுதல் அரிது. இவ்வுண்மையே இவ்வரலாற்றின் உட்கிடை.

சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் இக்குற்றத்துக்கு வழங்கும் 'பக்' என்னுஞ் சொல் பூச்சி எனப் பொருள்படும். கணனி தோன்றுதற்கு முன்னரே இச்சொல் பொறிகளின் குறைபாட்டைக் குறித்து நின்றது. தோமஸ் அல்வா எடிசன் 1878 ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றில், தம் புதுப்புனைவுகளில் இடையிடையே தலைகாட்டுஞ் சிறு குறைகளை இச்சொல்லாற் சுட்டியுள்ளார். பின்னர், 1947 செப்டெம்பர் 9 ஆம் நாள், ஹாவாட் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய மாக் 2 என்னுங் கணிப்பொறியின் மின் ஆளியொன்றில் அந்துப்பூச்சியொன்று சிக்கியிருக்கக் காணப்பட்டது. பொறியை இயக்கியோர் அதனை எடுத்து வேலைக்குறிப்பேட்டில் ஒட்டி, உண்மையான பூச்சியே அகப்பட்ட முதற் சந்தர்ப்பம் இதுவென நகைச்சுவையாக எழுதிவைத்தனர். அக்குறிப்பேடு அமெரிக்காவிலுள்ள சிமித்சோனியன் நிறுவகத்தின் நூதனசாலையிற் பேணப்பட்டு வருகின்றது. கிறேஸ் ஹொப்பர் அம்மையார் இக்கதையைப் பலவிடத்துங் கூறிப் பரப்பினார். அன்றுதான் அச்சொல் பிறந்தது எனக் கூறுவாரும் உளர். அஃது பொருந்தாது. சொல் முன்னரே வழக்கில் இருந்திராவிடின் அந்நகைச்சுவைக்கு இடமே இல்லையன்றோ?

அந்துப்பூச்சிக் கதை சுவையானதாயினும் நிரல் வழுவின் இயல்பை அது காட்டுவதன்று. பூச்சி வெளியிலிருந்து வந்து புகுவது. கண்ணாற் கண்டு கையால் எடுத்தற்குரியது. நிரலின் வழுவோ எழுதியவன் தன் கையாலேயே, தான் அறியாது, எழுதிவைப்பது. அதைத் தேடுவது என்பது எழுதியவனின் எண்ணத்துக்கும் அவன் உண்மையில் எழுதியதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டைத் தேடுவதாகும்.

கேம்பிரிட்ஜில் எழுந்த முதற் கருவிகள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொறிஸ் வில்க்ஸ் தலைமையில் ஆக்கப்பட்ட எட்சாக் என்னுங் கணனி 1949 மே 6 ஆம் நாள் தன் முதல் நிரலை நிறைவேற்றியது. துளையிட்ட கடதாசி நாடாவே அக்கணனிக்கு நிரலைக் கொண்டுசெல்லும் ஊடகமாய் அமைந்தது. வகையீட்டுச் சமன்பாடொன்றைத் தீர்த்தற்பொருட்டு வில்க்ஸ் அக்காலத்தில் எழுதிய நிரல் 126 கட்டளைகளே கொண்டது. எஞ்சியிருந்த அதன் நாடாவொன்றைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது அதிற் சுமார் 20 பிழைகள் காணப்பட்டன. தம் வாழ்நாளின் எஞ்சிய காலத்திற் பெரும்பகுதி தாமே எழுதிய நிரல்களிற் பிழை தேடுவதிற் கழியப்போகின்றது என்னும் உணர்வு அந்நாளிலேயே தமக்கு உண்டாயிற்று என, 1985 ஆம் ஆண்டில் வெளியிட்ட நினைவு நூலில் அவர் குறிப்பிட்டுள்ளார்.

பிழை தேடும் முறை தொடக்கத்தில் மிக எளிமையானதாய் இருந்தது. பொறியை நிறுத்திவிட்டு, கட்டளைகளை ஒவ்வொன்றாக இயக்கி, நினைவகத்தைக் காட்டுங் கண்ணாடித் திரையிலுள்ள புள்ளிகளை உற்றுநோக்குவர். விலைமதிப்பற்ற பொறிநேரம் இதனால் வீணாயிற்று. எனவே ஸ்ரான்லி கில் என்பார் வேறொரு வழியை வகுத்து, 1951 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் ஓர் ஆய்வுரை எழுதினார். நிரல் இயங்குகையில் அதனைப் பின்தொடர்ந்து இன்னின்ன கட்டளைகள் இன்ன ஒழுங்கில் நிறைவேறின என அச்சிட்டுத் தரும் சோதனை நிரல்களை அவ்வுரை விளக்கிற்று. நிரல் நின்றபின் நினைவகத்தில் எஞ்சியவற்றை அச்சிட்டுப் பார்ப்பது அக்காலத்து மற்றொரு முறை. அதற்குப் பிரேத பரிசோதனை எனப் பொருள்படும் பெயரே வழங்கிற்று.

பின்தொடரும் முறையிற் பொறி நிரலை நேரே இயற்றுவதில்லை. சோதனை நிரல் அதனைக் கட்டளை கட்டளையாக எடுத்து, வாசித்து, இயற்றி, குறித்துவைக்கும். ஒரு நிரல் பிறிதொரு நிரலுக்கு வாசகனாயிற்று என்பதே இதன் சிறப்பு. வேலை மெதுவாகவே நடைபெறும். ஆயினும் மனிதன் பொறியின் முன் காத்து நில்லாது, அச்சிட்ட தாளைத் தன் மேசையில் வைத்து அமைதியாக ஆராயும் வாய்ப்புப் பெற்றான்.

மூலமும் பொறிமொழியும்

எட்சாக்கின் காலத்தில் எழுதுவோன் எழுதியதும் பொறி இயற்றியதும் ஏறக்குறைய ஒன்றே. 1957 ஆம் ஆண்டில் ஜோன் பக்கஸ் தலைமையிலான ஐ.பீ.எம். குழுவினர் போர்ட்ரான் மொழியை வெளியிட்டபின் இந்நிலை மாறிற்று. கணிதச் சூத்திரத்தை ஒத்த வரிகளை மனிதன் எழுத, தொகுப்பி என்னும் நிரல் அவற்றைப் பொறிமொழிக்குப் பெயர்த்தது. எழுதும் வேலை எளிதாயிற்று. ஆனால், பிழை நேர்ந்தபோது பொறி காட்டிய எண்கள் எழுதியவனுக்கு அந்நியமாயின. அவன் எழுதியது ஒன்று. அவன் முன் கிடப்பது வேறொன்று.

இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியிற் பல கருவிகள் தோன்றின. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ரீ.எக்ஸ்.-0 கணனியில் 'பிளிற்' என்னும் வழுநீக்கி வழங்கிற்று. 1961 ஆம் ஆண்டளவில் அங்கேயே பீ.டீ.பீ.-1 கணனிக்கு டீ.டீ.ரீ. என்னும் வழுநீக்கி எழுதப்பட்டது. இவ்விரு பெயர்களும் அக்காலத்து மக்கள் நன்கறிந்த பூச்சிகொல்லிகளின் பெயர்களே. பூச்சியைக் கொல்ல வந்த நிரலுக்குப் பூச்சிகொல்லியின் பெயரை இட்டனர். எழுதுவோன் கணனியின் முன்னமர்ந்து, விரும்பிய இடத்தில் நிரலை நிறுத்தி, அங்குள்ள பெறுமானங்களைத் தான் இட்ட பெயர்களாலேயே வினவி அறிய இவை வழிசெய்தன. அவ்வாறு நிறுத்துமிடத்தை நிறுத்தப்புள்ளி என்பர். யுனிக்ஸ் சார்ந்த கணனிகளிற் பல வழுநீக்கிகள் எழுந்தன. 1986 ஆம் ஆண்டில் றிச்சாட் ஸ்ரோல்மன் தொடக்கிய ஜீ.டீ.பீ. இன்றும் வழக்கிலுள்ளது.

இக்கருவிகளின் உள்ளே ஒளிந்திருக்கும் ஓர் ஏற்பாட்டை மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். தொகுப்பி, தான் பெயர்த்த பொறிமொழியோடு, எந்தக் கட்டளை மூலத்தின் எந்த வரியிலிருந்து பிறந்தது என்னும் அட்டவணையொன்றையும் எழுதிவைக்கின்றது. வழுநீக்கி அவ்வட்டவணையைப் பார்த்தே இப்பொழுது இந்த வரி இயங்குகின்றது எனக் காட்டுகின்றது. ஒரு நூலின் பெயர்ப்பிலே ஓரத்தில் மூலநூற் பக்க எண்ணைக் குறித்துவைப்பதனோடு இதனை ஒப்பிடலாம். இவ்வேற்பாடு ஓர் எடுகோளின்மேல் நிற்கின்றது. ஒரு வரியின் விளைவு அவ்வரி எழுதப்பட்ட இடத்திலேயே நிகழும் என்பதும், அடுத்து நிகழவிருப்பதை அவ்வரியை வாசித்தே அறியலாம் என்பதுமே அவ்வெடுகோள். 40 ஆண்டுகாலம் இது பெரும்பாலும் பொய்யாகவில்லை.

பிரித்தெழுதுங் கலை

நிரல்கள் பெருகவே, அவற்றைப் பகுதிகளாகப் பிரித்தெழுதுங் கலையும் வளர்ந்தது. எட்சாக் காலத்திலேயே டேவிட் வீலர் துணைநிரல் முறையை வகுத்திருந்தார். 1968 ஆம் ஆண்டில் ஒல்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ற்றா, 'இன்ன இடத்துக்குச் செல்க' என்னுங் கட்டளையைக் கண்டித்து எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அக்கட்டளை மலிந்த நிரலில் வாசகன் ஓட்டத்தைப் பின்தொடர இயலாது என்பது அவர் கூறிய காரணத்தின் சாரம். 1972 ஆம் ஆண்டில் டேவிட் பார்னாஸ், மாறக்கூடிய ஒவ்வொரு தீர்மானத்தையும் ஒவ்வொரு பகுதிக்குள் மறைத்துவைத்தலே பிரித்தற்குரிய நெறி என நிறுவினார். 1974 ஆம் ஆண்டில் டைக்ஸ்ற்றா மீண்டும் எழுதியபோது, ஒரு காலத்தில் ஒரு கருமத்தை மட்டும் தனித்தெடுத்துச் சிந்தித்தலின் இன்றியமையாமையை வலியுறுத்தினார். நோர்வேயிற் பிறந்த சிமுலா மொழியின் வழிவந்த பொருள்நோக்கு நிரலாக்கமும் இவ்வெண்ணத்தையே வேறொரு வகையில் வளர்த்தது.

ஆயினும் எத்துணைப் பிரித்தாலும் சில கருமங்கள் ஓரிடத்தில் அடங்க மறுத்தன. வங்கியொன்றின் நிரலை எடுத்துக்கொள்வோம். வைப்பிடல் ஒரு பகுதி. மீளப்பெறல் ஒரு பகுதி. கணக்கு மாற்றல் ஒரு பகுதி. இவை ஒவ்வொன்றிலும், செய்பவர்க்கு உரிமை உண்டா எனச் சோதித்தல் வேண்டும். செய்ததைப் பதிவேட்டிற் பதிதல் வேண்டும். சோதனையும் பதிவும் எல்லாப் பகுதிகளிலும் சிதறிக் கிடக்கும். பதிவுமுறையை மாற்ற விரும்பின் நூறு இடங்களிற் கைவைத்தல் வேண்டும். ஓரிடம் விடுபடினும் வழு. ரொம்கற் என்னும் பெயர்பெற்ற வலைச்சேவை நிரலில், இணைய முகவரியை ஒப்புநோக்கும் வேலை இரண்டொரு கோப்புகளுள் அடங்கியிருக்க, நிகழ்ச்சிகளைப் பதியும் வேலை எங்குஞ் சிதறிக்கிடந்தமையை ஆய்வாளர் படமாக வரைந்து காட்டினர்.

அம்சங்களும் நெய்தலும்

இச்சிதறலுக்கு விடைகாணப் புகுந்தோர் கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வுநிலையத்தைச் சார்ந்த கிறெகர் கிக்சாலிஸ் முதலிய அறுவர் எழுவர் அறிஞராவர். 1997 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் நடைபெற்ற ஐரோப்பிய மகாநாட்டில் அவர்கள் அம்சநோக்கு நிரலாக்கம் என்னும் பெயரால் தம் கொள்கையை வெளியிட்டனர். பலவிடத்துஞ் சிதறும் ஒரு கருமத்தை அம்சம் எனப் பெயரிட்டு ஓரிடத்தில் எழுதிவைத்தல் அதன் முதற்படி. நிரலின் ஓட்டத்தில் அவ்வம்சம் சேரத்தக்க நிகழ்ச்சிகளை இணைவிடம் என்பர். எந்த இணைவிடங்களில் அது சேரல்வேண்டும் என்பதை ஒரு தெரிவு விதி கூறும். அங்கே செய்யவேண்டியதை ஓர் இடைச்செருகல் கூறும். இவற்றையெல்லாம் அடிப்படை நிரலோடு சேர்த்து ஒன்றாக்கும் வேலைக்கு நெய்தல் என்பது பெயர். பாவின் குறுக்கே ஊடையைச் செலுத்துதல் போல, அடிப்படை நிரலின் குறுக்கே அம்சம் செலுத்தப்படுதலின் அப்பெயர் பொருத்தமானதே.

இக்கொள்கையை ஜாவா மொழிக்கு ஏற்ற ஆஸ்பெக்ற்ஜே என்னும் மொழியின் முதற் பதிப்பு 2001 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2002 ஆம் ஆண்டில் இத்துறைக்கெனத் தனி மகாநாடு நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரிற் கூடிற்று. அவ்வாண்டின் இறுதியில் ஆஸ்பெக்ற்ஜே எக்லிப்ஸ் திட்டத்தின் பொறுப்புக்கு மாறியது. பதிவு செய்தலும் உரிமை சோதித்தலும் ஒவ்வொரு பக்கத்தில் அடங்கின. நூறு இடங்களிற் செய்த மாற்றம் ஓரிடத்திற் செய்யத்தக்கதாயிற்று. இதன் நன்மையை யாரும் மறுத்திலர்.

பழஞ்சுவடிகளை ஆராய்வோர்க்கு இடைச்செருகல் என்னுஞ் சொல் பிறிதொரு நினைவைத் தரும். ஒரு நூலினுள் பிறர் எழுதிச் சேர்த்த பகுதியை மூலத்தினின்றும் பிரித்தறிய அவர் படும் பாடு பெரிது. அம்சநோக்கு நிரலில் இடைச்செருகல் மறைவாகச் செய்யப்படுவதன்று. முறையாகவும் வேண்டுமென்றும் செய்யப்படுவது. எனினும் அடிப்படை நிரலை மட்டும் வாசிப்பவன் அதனை அறியான் என்பதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. 2000 ஆம் ஆண்டில் றொபேட் பில்மன், டானியல் பிறீட்மன் என்னும் இருவர், அடிப்படை நிரல் தன்மேற் செருகப்படுவதை அறியாதிருத்தலே இந்நெறியின் இலக்கணங்களுள் ஒன்று என எழுதினர். எழுதுவோன் அறியாதிருத்தல் அவன் சுமையைக் குறைக்கும். வழு தேடுவோனும் அறியாதிருப்பின் அஃது அவன் கண்ணைக் கட்டும்.

இதனையொட்டி ஒரு சுவையான செய்தி உண்டு. 1973 ஆம் ஆண்டில் லோறன்ஸ் கிளாக் என்பார் 'டேற்றாமேஷன்' சஞ்சிகையில் நகைச்சுவைக் கட்டுரையொன்று வரைந்தார். 'இன்ன இடத்துக்குச் செல்க' என்னுங் கட்டளை தீயதெனின் அதற்கு மாறாக 'இன்ன இடத்திலிருந்து வருக' என்னுங் கட்டளையை வைப்போம் என்பது அவர் கேலி. அக்கட்டளைப்படி, ஒரு வரியை வாசிப்பவனுக்கு அங்கிருந்து ஓட்டம் வேறிடஞ் செல்லும் என்பதற்கு அவ்வரியில் எந்த அடையாளமும் இராது. 2004 ஆம் ஆண்டில் அம்சநோக்கு நெறியைக் கண்டித்து ஆய்வாளர் மூவர் எழுதியபோது, டைக்ஸ்ற்றாவின் கடிதத் தலைப்பைத் தழுவித் தலைப்பிட்டு, அன்று கேலியாகச் சொல்லப்பட்டது இன்று மெய்யாயிற்று என வாதித்தனர். கண்டனம் கடுமையாயினும் அதனுள் உண்மையொன்று இருந்தது. மூலத்தின் வரியை வாசித்து அடுத்து நிகழ்வதை அறியலாம் என்னும் பழைய எடுகோள் குலைந்துவிட்டது.

புதுவகை வழுக்கள்

குலைந்ததன் விளைவை மூன்று எடுத்துக்காட்டுகளாற் காண்போம்.

முதலாவது, தெரிவு விதி பெயர்களை நம்பி நிற்றல். 'செற்' எனத் தொடங்கும் பெயருடைய செயல்முறைகள் யாவும் பெறுமானத்தை மாற்றுவன எனக்கொண்டு, அவ்வாறு தொடங்குவன எல்லாவற்றிலும் பதிவு செய்க என ஒருவர் விதி எழுதுகின்றார். பின்னொரு நாள் மற்றொருவர், கணக்குத் தீர்த்தலைக் குறிக்க 'செற்றில்' என ஒரு செயல்முறைக்குப் பெயரிடுகின்றார். அதுவும் விதியின் வலையில் அகப்படும். வேறொருவர் பழைய செயல்முறையொன்றின் பெயரை மாற்றுகின்றார். அஃது ஓசையின்றி வலையினின்றும் நழுவும். எவரும் தத்தம் பகுதியிற் பிழை செய்திலர். இதனை எளிதில் முறியுந் தெரிவு விதிச் சிக்கல் என்பர். ஜேர்மனியின் பசாவ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2004 ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, நிரலின் இரு பதிப்புகளில் விதி பற்றிய இடங்களை ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டுங் கருவியொன்றை முன்வைத்தனர்.

இரண்டாவது, இரு அம்சங்கள் ஓரிடத்திற் சந்தித்தல். ஒன்று செய்தியை மறைகுறியாக்கும். மற்றது செய்தியைப் பதியும். மறைகுறியாக்கல் முன்னும் பதிவு பின்னும் நிகழின் நன்று. ஒழுங்கு மாறினால் இரகசியம் திறந்தபடியே பதிவேட்டில் ஏறும். ஆஸ்பெக்ற்ஜே மொழியில் எழுதுவோன் முந்துரிமையை வெளிப்படையாகக் கூறாவிடின் இரு அம்சங்களுக்கிடையே எது முந்தும் என்பது உறுதியன்று. இரு அம்சங்களும் தனித்தனியே சோதனையில் தேறும், சேர்ந்தபோதே தவறும். கட்டுரையின் தொடக்கத்திற் கண்ட பால்வழுவின் இயல்பு இதுவே.

மூன்றாவது, அம்சம் தன்னையே பற்றுதல். எல்லாச் செயல்முறைகளையும் பதிக என எழுதிய விதி, பதியுஞ் செயல்முறையையும் உட்படுத்திவிடின், பதிவைப் பதிந்து, அப்பதிவையும் பதிந்து, முடிவின்றி ஓடி நிரல் வீழும். ஆஸ்பெக்ற்ஜே கற்பார்க்கு இது நன்கு தெரிந்த இடறல். அம்சம் தன் எல்லைக்குள் தன்னைச் சேர்க்காதிருக்க வெளிப்படையாக விலக்கு எழுதுதல் வேண்டும்.

இம்மூன்றனுள்ளும் மிகக் கொடியது ஒன்றுண்டு. அது செருகல் நிகழாமை. வழுநீக்கி நிகழ்ந்ததைக் காட்டவல்லது. நிகழாததற்குப் புள்ளியுமில்லை, வரியுமில்லை. அன்றியும், தெரிவு விதிகளிற் பெரும்பகுதி நெய்யும்போதே தீர்க்கப்பட்டுவிடுவதால் இயங்கும் நிரலில் அவ்விதியின் உருவே எஞ்சுவதில்லை. உரிமைச் சோதனை செருகப்படாத கணக்கு மாற்றல் தடையின்றி நன்றாகவே இயங்கும். அது நன்றாக இயங்குவதே அங்குள்ள ஆபத்து.

கருவி தேடிய அறிஞர்

இக்குறையை அறிஞர் உணராமலில்லை. முதற்படி, வரி அட்டவணையைச் சீர்ப்படுத்தல். 2002 ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாவா 1.4 பதிப்பில், ஒரே நிரற்கோப்பின் வரிகள் பல மூலக் கோப்புகளிலிருந்து பிறந்தனவாகக் குறிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. ஜாவா அல்லாத பிற மொழிகளிலிருந்து ஜாவா வடிவத்துக்குப் பெயர்க்கப்பட்ட நிரல்களுக்கும் வழுநீக்கி பயன்படல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். நெய்த நிரலில் எந்த இழை எந்தக் கோப்பினது எனக் காட்டுதற்கும் அஃது உதவிற்று.

இரண்டாம் படி, எழுதும்போதே காட்டுதல். எக்லிப்ஸில் ஆஸ்பெக்ற்ஜேக்கென அமைந்த கருவித்தொகுதி, செருகல் நிகழும் வரிகளின் இடது ஓரத்தில் அடையாளமிட்டது; அவ்வடையாளத்தின் வழியே அம்சத்துக்குச் செல்லலாம். கோப்புகளைப் பட்டைகளாகவும், அம்சங்கள் தொடும் வரிகளை நிறக்கோடுகளாகவும் வரைந்து முழுத்தோற்றமும் தந்தது. இது பெரும் முன்னேற்றம். ஆனால் கருவி உள்ளவனுக்கே அடையாளம் தெரியும். அச்சிட்ட தாளில் வாசிப்பவனுக்கும், வேறு பதிப்பியில் எழுதுபவனுக்கும் நிரல் முன்போலவே மௌனமாய் இருந்தது.

மூன்றாம் படி, நிகழாமைக்குக் காரணங் கூறல். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் 2008 ஆம் ஆண்டில், தெரிவு விதியொன்று எவ்விடங்களைச் சிறிதே தவறவிட்டது என்பதையும் ஏன் தவறவிட்டது என்பதையும் விளக்குங் கருவியொன்றை வெளியிட்டனர். நோயாளியை வினவி நோய்முதல் நாடும் மருத்துவனைப் போல, அது விதியின் எந்த உறுப்பு பொருந்தவில்லை எனச் சுட்டிற்று.

நான்காம் படி, இயங்கும்போதே வினவல். 2007 ஆம் ஆண்டில் மார்க் ஈடி, அல்பிரட் ஏகோ முதலியோர், அம்சநோக்கு நிரலில் எழக்கூடிய வழுக்களை வகைப்படுத்தி, அவற்றைத் தேடும் வழுநீக்கிக்கு இருத்தல் வேண்டிய பண்புகளையும் வரையறுத்தனர். செருகல் ஒன்றை விலக்கிவிட்டு இயக்கிப் பார்த்துக் குற்றம் எதன்பாலது எனத் தனிமைப்படுத்தும் வல்லமை அப்பண்புகளுள் ஒன்று. அவர்களது விக்கா என்னும் அமைப்பு சீ-ஷார்ப் மொழிக்கு இவ்வசதிகளைத் தர முயன்றது. 2012 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் துவென்ரே பல்கலைக்கழகத்து ஆய்வாளர் மூவர் இன்னும் நுணுக்கமான வழுநீக்கியொன்றை முன்வைத்தனர். நெய்தலின்போது தெரிவு விதியின் உருவம் அழியவிடாது காத்து, இவ்விடத்தில் எந்த விதி ஆராயப்பட்டது, அதன் எந்த உறுப்பு மெய்யாயிற்று, எது பொய்யாயிற்று என வினவ அது இடந்தந்தது. கில் 1951 ஆம் ஆண்டில் கட்டளைகளுக்குச் செய்ததை இவர்கள் தெரிவு விதிகளுக்குச் செய்தனர் எனலாம்.

கொள்கை அடைந்த நிலை

ஆண்டுகளை ஒருங்கே வைத்து நோக்குக. கொள்கை 1997 இல் வெளிவந்தது. மொழி 2001 இல் முதிர்ந்தது. தெரிவு விதியை இயங்கும்போதே ஆராயும் வழுநீக்கி 2012 இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில், இந்நெறியின் வெற்றியே ஒரு முரண் என 2006 ஆம் ஆண்டில் பிரீட்றிக் ஸ்ரைமன் எழுதினார். பகுதிகளைத் தனித்தனியே அறிவதற்கென வந்த நெறி, முழுவதையும் அறிந்தாலன்றி எப்பகுதியையும் அறியமுடியாத நிலையை உண்டாக்கியது என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. 2014 ஆம் ஆண்டில் இத்துறையின் மகாநாடும் தன் பழைய பெயரை விடுத்துப் பொதுப்பட 'மொடியுலாரிற்றி' என்னும் பெயரால் நடைபெற்றது.

கருவி பிந்தியமை ஒன்றே இதற்குக் காரணம் எனல் மிகையாகும். புதுமொழியைக் கற்கும் உழைப்பும், வேறு வழிகளால் அதே பயனைப் பெறும் வாய்ப்பும் காரணங்களாயின. எனினும் இரவில் நிரல் வீழ்ந்தபோது அதனைத் திருத்த வேண்டியவன், தான் கண்ட வரியை நம்ப இயலாத நிலையில் இருந்தான் என்பதை வரலாறெழுதுவோர் மறத்தலாகாது. நிரலை எழுதுவோர் சிலர்; ஆண்டுக்கணக்கில் அதனைப் பேணித் திருத்துவோர் பலர். அப்பலர்க்கு ஓர் எழுத்துமுறை என்ன செய்கின்றது என்பதே அதன் உரைகல்லாகும்.

கொள்கை முற்றாக மறையவில்லை. 2004 ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்பிறிங் என்னும் ஜாவாக் கட்டமைப்பு இதனைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது. 2006 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் ஆஸ்பெக்ற்ஜேயின் தெரிவு விதி மொழியையும் மேற்கொண்டது. அம்சம் என்னும் பெயரையே அறியாத பல்லாயிரம் நிரலாளர் அதன் பயனை நாளும் நுகர்கின்றனர். ஒரு செயல்முறையின் தலையில் ஒரு குறியை இட்டால், அதிலடங்கிய தரவு மாற்றங்கள் யாவும் முற்றாக நிறைவேறும், அன்றேல் முற்றாகக் கைவிடப்படும். குறி அவ்விடத்திலேயே கண்ணுக்குத் தெரிகின்றது; வாசிப்பவன் அறியாதிருப்பதில்லை. அறியாதிருத்தலை ஓரளவு கைவிட்டதனாலேயே கொள்கை வாழ்வு பெற்றது எனலாம்.

அங்கும் பழைய வழு தலைகாட்டாமலில்லை. ஸ்பிறிங் வழக்கமாக மூலப்பொருளுக்கு முன்னே ஒரு பதிலாளை நிறுத்தி, வெளியிலிருந்து வரும் அழைப்புக்களை அப்பதிலாள் வழியாகச் செலுத்துகின்றது. அப்பொருள் தன்னுள்ளேயே ஒரு செயல்முறையிலிருந்து மற்றொன்றை அழைக்குமாயின், அழைப்புப் பதிலாளைச் சென்றடையாது. குறி இருந்தும் அதன் பயன் நிகழாது. பிழைச்செய்தியும் எழாது. இவ்வியல்பை அக்கட்டமைப்பின் கையேடே எடுத்துரைக்கின்றது. குறியும் சரி, செயல்முறையுஞ் சரி, சேருமிடத்திலே வழு. இதனைக் காண விழைவோன் வரியை மட்டும் நோக்காது, அழைப்பு எவ்வழி வந்தது என்பதையும் வழுநீக்கியில் நோக்கல் வேண்டும்.

முடிவுரை

எட்சாக்கின் கடதாசி நாடா முதல் இன்றைய நெய்த நிரல் வரை, எழுதும் முறை ஒவ்வொரு முறை உயர்ந்தபோதும் எழுதியதற்கும் இயங்குவதற்கும் இடையேயுள்ள தொலைவு மிகுந்தது. போர்ட்ரான் தொகுப்பி தொலைவை உண்டாக்கியபோது வரி அட்டவணை அதனைக் குறைத்தது. அம்சநோக்கு நெறி மீண்டும் தொலைவை உண்டாக்கியபோது அதனைக் குறைக்குங் கருவிகள் பிந்தியே வந்தன. அறிஞர் முயற்சியிற் குறையில்லை, முறைமைதான் பிழைத்தது. எழுதுங் கருவியை முதலிலும் காணுங் கருவியைப் பின்னரும் ஆக்கினர்.

இப்பாடம் அம்சநோக்கு நிரலாக்கத்தோடு முடிவதன்று. மூலத்தை மனிதனே எழுதாது பிற நிரல்கள் எழுதித் தரும் காலம் வந்துவிட்டது. ஆங்கு எழுதியவனின் எண்ணத்தை நினைவிற் கொண்டு வழு தேடும் வாய்ப்பும் குறைகின்றது. புதிய நெறியொன்றைக் கற்கப் புகும் மாணவர், இதனால் எத்துணை விரைவாக எழுதலாம் என வினவுவதோடு அமையாது, இதில் வழு நேர்ந்தால் அதனை எவ்வாறு காண்பேன் என்றும் வினவுதல் வேண்டும். இரண்டாம் வினாவுக்கு விடைகூறாத நெறியை மேற்கொள்வோர், தமக்குப்பின் அந்நிரலைப் பேண வருவோரின் கண்களை முன்கூட்டியே கட்டிவிடுகின்றனர். தொடரை முழுமையாக நோக்கியே வழுவும் வழாநிலையும் துணியப்படும் என நம் இலக்கணம் கற்பித்த நெறி, கணனி நிரலுக்கும் ஏற்புடையதே.